தாம்பாளத்தில் ஒரு தஞ்சாவூர் ஓவியம்!

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வண்ணம் என்பது முதலில் வாய்க்குள் போகிற சமாசாரம். காகிதமெல்லாம் அப்புறம்தான். ஆறு மாதமாக ஞாயிறுதோறும் பேத்தியோடு சாயத்தில் குளிப்பவன் நான், அடித்துச் சொல்கிறேன்!

அதனால் எங்கள் சாயமெல்லாம் சமையலறைச் சரக்கு. சினிமா போஸ்டர் ஒட்டக் காய்ச்சுவார்களே, அதேபோல மைதாவைக் கரைத்துக் கொதிக்கவிட்ட பசை. (பச்சை மாவு வேண்டாம், அதில் கிருமி இருக்கலாம்.) ஆறினதும் மூன்று பங்கு. ஒன்றில் மஞ்சள் தூள், ஒன்றில் பீட்ரூட் சாறு, ஒன்றில் வேகவைத்து அரைத்த கீரை. பெரிய தாம்பாளத்தில் ஊற்றி, குழந்தையை ஜட்டியோடு உட்கார வைத்துவிட வேண்டியதுதான். பொட்டுக்கடலை, மணி, பட்டன் மட்டும் கிட்டவே வரக்கூடாது, மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும்.

முதல் நாள் மேடம் ஒரே ஒரு விரலால் தொட்டார். முகத்தைச் சுளித்தார். என் வேட்டியில் துடைத்தார். வற்புறுத்தாமல் ஒரு கரண்டியைக் கொடுத்தேன். மூன்றாவது ஞாயிறு இரண்டு கையும் உள்ளே! பீட்ரூட்டும் மஞ்சளும் கலந்து ஆரஞ்சானதும் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளே... அந்த முழிக்கு ஆயிரம் வேட்டி கொடுக்கலாம்.

"மாவைப் பாழ் பண்றதுக்கு ஒரு தாத்தா!" என்பது என் சகதர்மிணியின் விமர்சனம். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பாடம் எடுத்த மரியா மாண்டிசோரி, எழுத்தையே உப்புத்தாளில் வெட்டி விரலால் தடவிப் படிக்க வைத்தவர் என்றேன். "அந்தம்மா தரையைத் துடைச்சாங்களா?" என்றாள். பதில் இல்லை.

போன மாதம் அவளே பதறிக்கொண்டு கூப்பிட்டாள். தொட்டுப் பார்க்கிற ருசி கண்ட விரல், ஜன்னல் கம்பியில் உரிந்த பச்சைப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தது. வீடு 1978-ல் கட்டியது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது என்ற விதி இங்கே அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். ஈயம் சின்னக் குழந்தையின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். டாக்டர் ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொன்னார். ரிசல்ட் வரும் வரை மூன்று நாள், வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, பயமில்லை என்றார்.

பெயிண்டரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: காய்ந்தபடி உப்புத்தாள் போடாதே, தூசி பறக்கும், நனைத்துத்தான் சுரண்டணும். வேலை முடிகிற வரை பேத்தியும் மருமகளும் சம்பந்தி வீட்டில். தாம்பாளமும் கூடவே போயிருக்கிறது. அங்கே வெள்ளை மார்பிள் தரையாம்!