புள்ளிகளால் ஆன எழுத்து

எழுத்து என்றவுடன் கோடுகளும் வளைவுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. எழுத்தாணியும் பேனாவும் தூரிகையும் நமக்குக் கோட்டையே தந்தன. ஆனால் கோடே இல்லாமல், புள்ளிகளை மட்டும் அடுக்கி எழுத்தை உருவாக்கும் முறையும் உண்டு. வங்கிச் சேமிப்புப் புத்தகத்திலும் இரயில் நிலைய அறிவிப்புப் பலகையிலும் அதனை நாம் கண்டிருக்கிறோம். ‘டாட் மேட்ரிக்ஸ்’ எனப்படும் இப்புள்ளி எழுத்தின் அமைப்பையும் பயனையும் ஈண்டுக் காண்போம்.

தோற்றம்

எழுத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்துத் தந்தி வழியே அனுப்பும் கருவிக்கு ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் ஹெல் 1929-இல் காப்புரிமை பெற்றார். 1970-இல் அமெரிக்காவில் சென்ட்ரானிக்ஸ் 101 என்ற அச்சுப்பொறி வந்தது. 1980-இல் ஜப்பானின் எப்சன் நிறுவனம் வெளியிட்ட எம்.எக்ஸ்-80 இம்முறையை உலகெங்கும் பரப்பியது.

இப்பொறியின் தலைப்பகுதியில் மெல்லிய ஊசிகள் செங்குத்தாக நிற்கின்றன. ஒவ்வோர் ஊசியையும் ஒரு மின்காந்தம் இயக்குகிறது. தலைப்பகுதி தாளின் குறுக்கே ஓடும்போது, வேண்டிய ஊசி வேண்டிய நொடியில் மை நாடாவின் மீது அடிக்க, தாளில் ஒரு புள்ளி விழுகிறது. அடித்து அச்சிடுவதால் கார்பன் தாள் வைத்து ஒரே நேரத்தில் பல படிகள் எடுக்கலாம். பட்டியல் போடும் வணிகர்களுக்கு இது பெரிய வசதி.

முப்பத்தைந்து புள்ளிகள்

அகலத்தில் 5, உயரத்தில் 7 என 35 புள்ளிகள் கொண்ட கட்டமே இதன் அடிப்படை. ஒவ்வொரு புள்ளியும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இவ்வாறு சுமார் 3,436 கோடி வடிவங்கள் கிடைக்கும்! ஆனால் அவற்றுள் எழுத்தாகப் படிக்கத் தக்கவை மிகச் சிலவே. அவற்றைத் தேர்வதே வடிவமைப்பாளரின் வேலை.

7 ஊசிகள் மட்டுமே இருந்தால், ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் கீழே இறங்கும் வால்களுக்கு இடமில்லை. எழுத்தையே மேலே தூக்கி வைக்க நேரும். எம்.எக்ஸ்-80 பொறியின் 9 ஊசிகள் அக்குறையை நீக்கின. அதில் குறுக்குவாட்டில் அரைப் புள்ளித் தொலைவிலும் அடிக்க முடிந்தது. எனினும் அடித்த ஊசி தன் இடத்துக்குத் திரும்பச் சிறிது நேரம் வேண்டும். ஆகவே அடுத்தடுத்த இரண்டு அரைப் படிகளில் ஒரே ஊசி அடிக்க இயலாது. அவ்வெழுத்துகளின் தோற்றத்தை அழகுணர்ச்சி மட்டுமல்ல, ஊசியின் வேகமும் தீர்மானித்தது.

இதில் கவனக்குறைவு ஆபத்தானது. நாடா மங்கிச் சில புள்ளிகள் விடுபட்டால் 8 என்பது 6 போலவோ 3 போலவோ தோன்றும். சம்பளப் பட்டியலில் அது வெறும் அழகுக்குறை அன்று!

தமிழ் எதிர்கொண்ட இடர்

5 புள்ளி அகலத்தில், இடைவெளி விட்டு மூன்று செங்குத்துக் கோடுகளே நிற்கும். நம் ‘ண’ எழுத்துக்கு அது போதாது. உயரத்திலும் இடர் உண்டு. ‘க்’ என்பதன் தலைப்புள்ளிக்கு ஒரு வரிசை, அதன் கீழ் இடைவெளிக்கு ஒரு வரிசை. ‘கு’, ‘ழ’ போன்றவற்றின் கீழ்ப்பகுதிக்கு இரண்டு வரிசை என்று வைத்தால், 7 வரிசைகளில் உடலுக்கு எஞ்சுவது மூன்றே. 9 ஊசிகளிலும் ஐந்துதான் மிஞ்சும். இடமில்லை என்று தலைப்புள்ளியை விட்டுவிட்டால் மெய் உயிர்மெய்யாகிவிடும். ‘கல்’ என்பது ‘கல’ ஆகிவிடும்!

ஆகவே எழுத்தைப் படம்போலக் கருதி, ஒவ்வொரு புள்ளியையும் கணிப்பொறியே அனுப்பும் வரைபட முறை தமிழுக்குக் கைகொடுத்தது. பின்னர் வந்த 24 ஊசிப் பொறிகளில் வளைவுகள் மேலும் தெளிந்தன. 1978-இல் தமிழ்நாட்டு அரசு கொணர்ந்த எழுத்துச் சீர்திருத்தம் ‘ணை’, ‘லை’ முதலியவற்றின் பழைய கூட்டு வடிவங்களை நீக்கியதால், தனியே வரைய வேண்டிய வடிவங்களும் குறைந்தன.

இன்றைய பழம்பாணி

ஊசி அச்சுப்பொறி பல அலுவலகங்களை விட்டு அகன்றாலும், அதன் எழுத்து மறையவில்லை. கணிப்பொறி எழுத்துருவாக அதனை இன்று வேண்டுமென்றே வரைகிறார்கள். சாதாரண ஆங்கில ‘ஈ’ எழுத்தின் பெரிய வடிவத்துக்கு 12 மூலைகள் போதும். புள்ளி முறையில் அதற்கே 18 வட்டங்கள் வேண்டும். எனவே ஒரு வட்டத்தை ஒருமுறை வரைந்து, அதையே எல்லா இடங்களிலும் அழைத்துக்கொள்கிறார்கள். அந்த ஒன்றைச் சதுரமாக்கினால் எழுத்துரு முழுவதும் சதுரப் புள்ளிகளாக மாறிவிடும். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் வைப்பதும் பழைய பொறியின் வழக்கமே.

திரைப்படத் தலைப்பு, சுவரொட்டி, கடைப்பட்டியல் போன்ற அழைப்பிதழ் முதலியவற்றுக்கு இது பொருந்தும். 2022-இல் வெளிவந்த நத்திங் நிறுவனத்தின் முதல் கைப்பேசி இவ்வகை எழுத்தையே தன் அடையாளமாகக் கொண்டது. ஆனால் சிறிய அளவில் அச்சிட்டால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து கண்ணை வருத்தும். நீண்ட கட்டுரைக்கு இது ஆகாது. சில சொற்களைப் பெரிதாகக் காட்டவே ஏற்றது.

மாணவ நண்பர்களே! ஒரு கட்டத்தாளை எடுத்து, ‘ஞ’, ‘ணு’, ‘றூ’ ஆகிய மூன்றையும் புள்ளிகளால் எழுதிப் பாருங்கள். எத்தனை வரிசைகள் தேவைப்படுகின்றன என்று எண்ணுங்கள். பொறி தரும் கட்டத்துக்குள் நம் எழுத்தைச் சுருக்குவதா, நம் எழுத்துக்கு ஏற்பக் கட்டத்தை விரிப்பதா என்ற வினா அப்போது எழும். அவ்வினாவுக்கு விடை காண வேண்டியவர்கள் தமிழும் கணிப்பொறியும் ஒருங்கே கற்கும் நாமே ஆவோம்.