பள்ளிப் பிள்ளைகளும் கேலியின் காயமும்



மன்னார்த் தீவின் கரைகளில் கரைவலை இழுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தனி ஒருவரால் அவ்வலையை இழுத்துவிட இயலாது. இரு பக்கத்துக் கயிற்றையும் பலர் பிடித்தல் வேண்டும். பாடசாலையில் ஒரு பிள்ளையைக் கூடிக் கேலி செய்து வருத்தும் கொடுமையும் இத்தகையதே. முன்னின்று செய்பவன் ஒருவன். சிரித்துக் கயிறு பிடிப்போர் சிலர். வாளா பார்த்து நிற்போர் பலர்.

எல்லாக் கேலியும் கொடுமையன்று. தோழர் இருவர் ஒருவரையொருவர் பகிடி பண்ணுவது விளையாட்டே. இவ்விடயத்தை 1970களில் முதன்முதலாக விரிவாக ஆராய்ந்தவர் தான் ஒல்வேயஸ் என்னும் உளவியலாளர். அவர் மூன்று அடையாளங்களைக் கூறினார்: துன்புறுத்தும் எண்ணம் இருத்தல், மீண்டும் மீண்டும் நிகழ்தல், எதிர்த்து நிற்க இயலாதவன்மீது நிகழ்தல். இம்மூன்றும் கூடியவிடத்து அதனை விளையாட்டென்று ஒதுக்குதல் தகாது.

பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். 1990ஆம் ஆண்டில் இத்தீவை விட்டுப் புத்தளத்திற்கோ, கடல் கடந்து இராமேசுவரத்திற்கோ இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல. 2009இல் போர் முடிந்தபின் அவற்றுட் சில திரும்பி வந்தன. அத்தகைய குடும்பமொன்றில் வளர்ந்த அவன் பேச்சில் வேற்றூர்ச் சாயல் இருக்கிறது. வகுப்பிலே அதுவே அவனுக்குப் பட்டப்பெயராகிவிடுகிறது. அவன் வாய் திறப்பதையே விட்டுவிடுகிறான்.

"அவன் கூச்ச சுபாவமுள்ளவன், தாங்கிக்கொள்ளப் பழகட்டும்" என்று பெரியோர் சொல்வதுண்டு. இங்கேதான் பிழை நேர்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஆளுமை முற்றுப்பெற்ற ஒன்றன்று. "நான் யார்?" என்ற வினா எழும் பருவம் இதுவென எரிக் எரிக்சன் விளக்கினார். அவ்வினாவுக்கு விடையைப் பிள்ளை தன் தோழரின் முகங்களிலும் தேடுகின்றது. நாள்தோறும் கிடைக்கும் விடை இகழ்ச்சியாயின், பிள்ளை அதனையே உண்மையென நம்பத் தலைப்படும். கூச்சமுள்ள பிள்ளை கேலிக்கு எளிதில் ஆளாவதும் உண்டு; கேலியினாலே கூச்சம் மிகுவதும் உண்டு. விளைவைக் காரணமென்று கொண்டு, காயம்பட்டவனையே நாம் குறை கூறுகின்றோம்.

இக்காயம் வெளியே தெரிவதில்லை. காலையில் வயிற்றுவலி, தலைவலி, உறக்கமின்மை, இடைவேளையிலும் வகுப்பை விட்டு வெளியேறாமை ஆகியவை குறிப்புகளாகலாம். கரையோரக் குடும்பங்களில் மற்றொரு குறிப்பும் உண்டு. "நான் இனிப் பள்ளிக்கூடம் போகேல்லை, அப்பாவோட கடலுக்கு வாறன்" என்பான் மகன். தொழிலில் ஆசை பிறந்ததென்று தந்தை மகிழலாம். ஆனால் அவன் கடலை நாடுகின்றானா, பாடசாலைக்கு அஞ்சுகின்றானா என்று ஒருமுறை கேட்டுவிடுதல் நன்று. கேளாது விட்டால், ஒரு கேலிப்பேச்சு அவனுடைய கல்வியை முடித்துவிடக்கூடும்.

பரிகாரம் இல்லாமலில்லை. 1982இல் நோர்வேயில் சிறுவர் மூவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டதையடுத்து, 1983இல் அந்நாடு பாடசாலைகள்தோறும் இக்கொடுமைக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கியது. பேர்கன் நகரில் 42 பாடசாலைகளில் ஒல்வேயஸ் மேற்கொண்ட முயற்சியில் கேலிக் கொடுமை பெரிதும் குறைந்தது. செய்தவை எளியனவே: இடைவேளையில் ஆசிரியர் மேற்பார்வை, வகுப்பிலே தெளிவான விதி, கொடுமை செய்பவனோடும் பெற்றோரோடும் நேரிற் பேசுதல். கொடுமை செய்பவனும் பிள்ளையே. அவனைத் திருத்தாமல் விடுவது அவனுக்கும் செய்யும் தீங்காகும்.

வீட்டிலும் பாடசாலையிலும் தீராதவிடத்து, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை 1929 என்ற இலக்கத்திலும், மனநல உதவிச் சேவையை 1926 என்ற இலக்கத்திலும் தொலைபேசியில் அழைக்கலாம்.

எனினும் முதல் மருந்து வகுப்பறையிலேயே இருக்கின்றது. கயிற்றிலிருந்து நாலைந்து கைகள் விலகினாலே வலை நகராது. "இன்றைக்கு எங்களோட இருந்து சாப்பிடு" என்று ஒரு மாணவன் அழைப்பானாயின், அந்தச் சிறுவன் மறுநாளும் பாடசாலைக்கு வருவான். அப்படி அழைக்கும் துணிவை நம் பிள்ளைகளுக்கு ஊட்டுவது நம் கடமையாகும்.