எங்கள் வீடு, எங்கள் விருப்பம்

1990 ஜூனில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள பர்மிங்ஹாம் நகரத்துப் பத்திரிகை ஒன்று ஹால் தாம்ப்சன் என்ற தொழிலதிபரைப் பேட்டி கண்டது. ஷோல் கிரீக் என்ற கோல்ஃப் கிளப்பை நிறுவியவர் அவர். பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் என்ற பெரிய போட்டி அந்த ஆகஸ்டில் அங்கே நடக்கவிருந்தது. கிளப்பில் யார் யாரைச் சேர்ப்பீர்கள் என்று நிருபர் கேட்டார். கறுப்பினத்தவரைத் தவிர வேறு எவரிடமும் நாங்கள் பாகுபாடு காட்டுவதில்லை என்று தாம்ப்சன் ஒளிக்காமல் சொன்னார். கிளப் எங்கள் வீடு, அதில் யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் விருப்பம் என்றும் சொன்னார்.

1963இல் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டுக்கு, தேவாலயத்துக்கு வந்திருந்த நான்கு கறுப்பினச் சிறுமிகள் பலியான நகரம் பர்மிங்ஹாம். அந்த ஊரில், அது நடந்து 27 ஆண்டுகள் கழித்து, ஒருவர் இப்படிப் பேசியது நாட்டையே உலுக்கியது. ஆனால் அவர் சொன்னதில் புதிய செய்தி எதுவும் இல்லை. பெரிய போட்டிகள் நடந்த பல கிளப்புகளில் ஒரு கறுப்பின உறுப்பினர்கூடக் கிடையாது என்பது ஆட்டக்காரர்களுக்கும் தொலைக்காட்சிக்காரர்களுக்கும் விளம்பரதாரர்களுக்கும் தெரிந்தே இருந்தது. வாய்விட்டுச் சொல்லாத வரை எல்லோருக்கும் வசதியாக இருந்தது. அவ்வளவுதான்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. மார்ட்டின் லூதர் கிங் தொடங்கிய அமைப்பு கிளப் வாசலில் மறியல் செய்யப்போவதாக அறிவித்தது. ஐ.பி.எம்., டொயோட்டா முதலிய நிறுவனங்கள் ஒளிபரப்பிலிருந்து விளம்பரங்களை விலக்கிக்கொண்டன. ஏறத்தாழ 20 லட்சம் டாலர் கைநழுவியது. போட்டி தொடங்கச் சில நாட்கள் இருக்கையில், லூயிஸ் வில்லி என்ற கறுப்பினக் காப்பீட்டு நிறுவன அதிகாரி கௌரவ உறுப்பினராகச் சேர்க்கப்பட்டார். அத்தனை காலம் இறுகிக் கிடந்த கதவு சில வாரங்களில் திறந்துவிட்டது. மனம் மாறித் திறந்ததாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த விவகாரம் முழுவதிலும் என்னை உறுத்துவது 'எங்கள் வீடு' என்ற அந்த வாதம்தான். கேட்பதற்கு நியாயமாக இருக்கும். என் வீட்டுக்கு யாரை அழைப்பது என்று அரசாங்கம் எனக்குச் சொல்ல முடியாதே! அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டமே ஓட்டல், திரையரங்கு ஆகியவற்றின் கதவுகளை எல்லோருக்கும் திறந்துவிட்டு, தனியார் கிளப்புகளுக்கு விலக்கு அளித்தது. ஆனால் எந்த வீட்டில் டிக்கெட் விற்கிறார்கள்? எந்த வீட்டின் புல்வெளியைத் தொலைக்காட்சிக்கு விற்கிறார்கள்? எந்த வீட்டின் சந்தாவைக் கம்பெனிகள் வியாபாரச் செலவு என்று கணக்கெழுதி வரி கழித்துக்கொள்கின்றன? அமெரிக்கக் கம்பெனிகள் 1993இல் சட்டம் மாறும் வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தன. நான்கு மணி நேரம் சேர்ந்து நடந்து ஆடும் ஆட்டம் இது. அந்த நடையில் ஒப்பந்தங்கள் பேசி முடிக்கப்படும், பதவிகளுக்கு ஆள் முடிவாகும். வாசலில் நிறுத்தப்பட்டவருக்கு ஆட்டத்தோடு அந்த வாய்ப்பும் போகிறது.

'வீடு' என்ற வேடம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நார்த் கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரக் கதையைச் சொல்ல வேண்டும். அங்கே கில்லெஸ்பி பார்க் என்ற கோல்ஃப் மைதானம் இருந்தது. பொதுப்பணத்தில் உருவான, நகராட்சிக்குச் சொந்தமான மைதானம். கறுப்பினத்தவர் நாங்களும் ஆட வேண்டும் என்று கேட்கத் தொடங்கியதும், நகராட்சி அதை ஆண்டுக்கு 1 டாலர் வாடகைக்கு ஒரு சங்கத்தின் கையில் கொடுத்தது. அன்று முதல் அது தனியார் கிளப் ஆகிவிட்டது! உறுப்பினர் மட்டுமே ஆடலாம் என்று விதி. வெள்ளையர் வந்தால் உறுப்பினரா என்று யாரும் கேட்பதில்லை.

1955 டிசம்பர் 7 அன்று ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்பினப் பல் மருத்துவர் ஐந்து நண்பர்களோடு அங்கே போனார். ஆளுக்கு 75 சென்ட் கட்டணத்தை மேசைமேல் வைத்தார்கள். வாங்க மறுத்தார்கள். பணத்தை அங்கேயே வைத்துவிட்டு ஆறு பேரும் ஆடப் போனார்கள். அன்றே அத்துமீறி நுழைந்ததாகக் கைது செய்யப்பட்டார்கள். வழக்கு இரண்டு தடங்களில் போனது. கூட்டாட்சி நீதிமன்றம் 1957இல், இந்தக் குத்தகை வெறும் கண்துடைப்பு, மைதானத்தை எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. திறக்க வேண்டிய நாளுக்குச் சற்று முன்னால் கிளப் கட்டடம் எரிந்துபோனது. நகராட்சி மைதானத்தையே இழுத்து மூடியது. கறுப்பினத்தவரோடு சேர்ந்து ஆடுவதைவிட யாருமே ஆடாமல் இருப்பது மேல் என்று ஒரு நகரமே முடிவெடுத்தது போலிருந்தது. அத்துமீறல் வழக்கோ உச்ச நீதிமன்றம் வரை போய், 1960இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்த ஆறு பேருக்கும் எதிராக முடிந்தது. ஆளுநர் தண்டனையைக் குறைத்ததால் சிறைக்குப் போகாமல் தப்பினார்கள். மைதானம் 1962இல்தான் மறுபடி திறந்தது.

பந்தை நிறுத்தி அடிப்பதற்குத் தரையில் ஊன்றும் சிறு மரக்குச்சிக்கு 1899இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் ஜார்ஜ் கிரான்ட். பாஸ்டன் நகரத்துக் கறுப்பினப் பல் மருத்துவர் அவர். அப்படிப்பட்ட குச்சியில் பந்தை வைத்து அடித்துக்கொண்டேதான் அவருடைய இனத்தவரை வாசலில் நிறுத்தினார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கமே 'வெள்ளையர் மட்டும்' என்ற விதியை 1961 வரை வைத்திருந்தது.

ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நேஷனல் கிளப்பில் இந்த வரலாறு இன்னும் அடர்த்தியானது. ஏறத்தாழ 300 உறுப்பினர்கள். விண்ணப்பம் கிடையாது. அவர்களாக அழைத்தால்தான் உண்டு. உறுப்பினருக்கும், அங்கே நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியில் வெல்பவருக்கும் பச்சைக் கோட்டு. 1982 வரை அந்தப் போட்டியில் ஆட்டக்காரர்களின் மட்டைப்பையைச் சுமந்தவர்கள் கிளப்பின் சொந்த ஆட்கள். அத்தனை பேரும் கறுப்பினத்தவர். பை தூக்க அனுமதி இருந்தது. லீ எல்டர் என்ற முதல் கறுப்பின ஆட்டக்காரர் அங்கே களமிறங்கியது 1975இல். முதல் கறுப்பின உறுப்பினராக ரான் டவுன்சென்ட் சேர்க்கப்பட்டது 1990இல், ஷோல் கிரீக் புயலுக்குச் சில வாரங்கள் கழித்து. ஏனென்றால் பாகுபாடு காட்டும் கிளப்புகளில் இனிப் போட்டி நடத்த மாட்டோம் என்று ஆட்ட அமைப்புகள் அறிவித்திருந்தன. கலிஃபோர்னியாவின் சைப்ரஸ் பாயின்ட் போன்ற சில கிளப்புகள் அந்த நிபந்தனையை ஏற்பதைவிடப் போட்டியை இழப்பதே மேல் என்று விலகிக்கொண்டன.

பெண்களின் முறை இன்னும் தாமதமாக வந்தது. 2002இல் பெண்கள் அமைப்புகளின் கூட்டமைப்புத் தலைவர் மார்த்தா பர்க், பெண்களையும் சேர்க்கக் கோரி அகஸ்டாவின் தலைவர் ஹூட்டி ஜான்சனுக்குக் கடிதம் எழுதினார். துப்பாக்கிக் கத்தி முனையில் எங்களை மிரட்ட முடியாது என்ற பொருளில் ஜான்சன் பகிரங்கமாகப் பதில் சொன்னார். விளம்பரதாரர்களுக்குச் சங்கடம் வரக்கூடாதென்று 2003, 2004 ஆண்டுகளில் விளம்பரமே இல்லாமல் போட்டியை ஒளிபரப்பினார்கள். பணத்தைக் காட்டி மிரட்ட முடியாத அளவுக்குப் பணம் படைத்த இடம் அது. 2012இல் நிலைமை சிக்கலானது. மாஸ்டர்ஸின் முக்கிய விளம்பரதாரர்களில் ஒன்றான ஐ.பி.எம்.மின் தலைமைப் பொறுப்புக்கு முதன்முறையாக ஒரு பெண், வர்ஜீனியா ராமெட்டி, வந்தார். அந்த நாற்காலியில் அவருக்கு முன் இருந்தவர்களுக்குக் கிடைத்த பச்சைக் கோட்டு அவருக்கு உண்டா என்று எல்லாப் பத்திரிகைகளும் கேட்டன. அந்த ஆகஸ்டில் முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸும் வங்கியாளர் டார்லா மூரும் சேர்க்கப்பட்டார்கள். ராமெட்டி அப்போது சேர்க்கப்படவில்லை.

பெரும்பாலான கிளப்புகளில் ஒருவரை வேண்டாம் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. உள்ளே இருக்கும் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், குழு ரகசியமாகக் கூடும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. காத்திருப்போர் பட்டியல் என்ற கிணற்றில் பெயரைப் போட்டுவிட்டால் போதும். கான்சஸ் சிட்டியின் கன்ட்ரி கிளப்பில் ஹென்றி பிளாக் என்ற புகழ்பெற்ற யூதத் தொழிலதிபர் அப்படித்தான் மறுக்கப்பட்டார். அந்தக் கிளப்பிலேயே ஆடி வளர்ந்த கோல்ஃப் நட்சத்திரம் டாம் வாட்சன் அதைக் கண்டித்து 1990இல் விலகினார். உள்ளே இருப்பவர் எழுந்து வெளியே வருவது அபூர்வம். அதனால்தான் அவரைக் குறிப்பிடத் தோன்றுகிறது.

கலிஃபோர்னியாவில் நடந்த இன்னொரு வழக்கை வாசித்தபோது எனக்குக் கோபமே வந்தது. குடும்ப உறுப்பினர் உரிமை ஆணின் பெயரில் மட்டுமே இருக்கலாம் என்பது அங்கே ஒரு கிளப்பின் விதி. அதன் உறுப்பினர் தம்பதி 1981இல் விவாகரத்து பெற்றார்கள். உறுப்பினர் உரிமை மனைவிக்கே என்று நீதிமன்றம் பங்கு பிரித்தது. அவர் கிளப்பில் நன்றாக ஆடிப் பெயர் வாங்கியவர். பெண்ணுக்கு அந்த உரிமை கிடையாது என்று கிளப் மறுத்துவிட்டது. 1995இல்தான் மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் பேசியது. வெளியாரிடம் வாடிக்கையாகக் காசு வாங்கி விருந்தும் வசதியும் அளிக்கும் கிளப் ஒரு வணிக நிறுவனமே என்றது. பதினான்கு ஆண்டுகள்!

ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டில் கோல்ஃப் ஆடும் சங்கம் 1744இல் தோன்றியது. 2016 மே மாதம் பெண்களைச் சேர்க்கலாமா என்று அங்கே வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 64 சதவீதம். தேவை மூன்றில் இரண்டு பங்கு. பெண்கள் வந்தால் ஆட்டத்தின் வேகமும் மதிய உணவு ஏற்பாடும் கெடும் என்று எதிர்ப்பாளர்கள் கடிதம் எழுதியிருந்தார்கள். ஓப்பன் என்ற பெரிய போட்டி இனி உங்களுக்கு இல்லை என்று அதை நடத்தும் அமைப்பு அன்றே அறிவித்தது. அடுத்த ஆண்டு நடந்த மறு வாக்கெடுப்பில் ஆதரவு 80 சதவீதமானது. ஜப்பானின் கசுமிகசெக்கி கிளப்பும் 2017இல்தான் பெண்களை முழு உறுப்பினர்களாக ஏற்றது. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் கோல்ஃப் அங்கே நடக்க வேண்டியிருந்தது.

நம்மவருக்கும் இதில் பங்கு உண்டு. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் பிறந்த பாப்வா செவ்கோலும், கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வழிவந்தவர். பை தூக்கியபடியே ஆட்டத்தைக் கற்றவர். மட்டையை மற்றவர்களுக்கு நேர்மாறாகக் கை மாற்றிப் பிடிப்பார். 1959லும் 1960லும் ஹாலந்துக்குப் போய் டச்சு ஓப்பனை வென்றார். 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பனையும் வென்றார். நிறவெறிச் சட்டப்படி கிளப் கட்டடத்துக்குள் அவர் கால் வைக்கக்கூடாது. மழை பெய்துகொண்டிருந்தது. தோற்ற வெள்ளையர்கள் கூரைக்குக் கீழே இருக்க, வென்றவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். 1965இல் புகழ்பெற்ற வெள்ளை ஆட்டக்காரர் கேரி பிளேயரையே தோற்கடித்து அதே பட்டத்தை மறுபடியும் வென்றார். பிறகு போட்டிகளிலிருந்தே அவரை ஒதுக்கினார்கள்.

அதெல்லாம் வெள்ளையர் விவகாரம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 2017இல் டெல்லி கோல்ஃப் கிளப்பில் விருந்தினராக வந்து உணவருந்த உட்கார்ந்த மேகாலயப் பெண் ஒருவரை, அவர் உடுத்தியிருந்த காசி இன மக்களின் மரபு உடை பணிப்பெண் உடைபோல் இருக்கிறதென்று வெளியேறச் சொன்னார்கள். 2014இல் சென்னை சேப்பாக்கத்துக் கிரிக்கெட் சங்கக் கிளப்பில், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. அந்த ஆண்டே வேட்டியைத் தடுக்கும் கிளப்பின் உரிமத்தை ரத்து செய்ய வழிவகுத்துத் தமிழகச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. நல்லது. ஆனால் அந்தச் சட்டம் உடையோடு நின்றுவிட்டது. யார் உறுப்பினர் ஆகலாம், யாரை எதற்காக மறுக்கிறார்கள் என்ற இடத்துக்கு அது போகவில்லை.

நிலத்தின் கணக்கும் கேட்கப்பட வேண்டியது. டெல்லி கோல்ஃப் கிளப் மத்திய அரசின் நிலத்தில் இருக்கிறது. சென்னை கிண்டி குதிரைப் பந்தய மைதானத்துக்குள்தான் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருந்தது. பந்தயச் சங்கம் சுமார் 160 ஏக்கர் அரசு நிலத்தை 1946இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். வாடகைப் பாக்கிக்காக 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. வாடகை பாக்கி இருந்ததால் கேள்வி எழுந்தது. ஒழுங்காகக் கட்டியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

அமெரிக்காவின் மேரிலாந்தில் அப்படிக் கேட்டவர்கள் உண்டு. பர்னிங் ட்ரீ என்ற ஆண்கள் மட்டும் கிளப்பில் நாட்டின் ஜனாதிபதிகள் பலர் ஆடியிருக்கிறார்கள். நிலத்தைக் கட்டடமாக்காமல் திறந்த வெளியாகவே வைத்திருப்பதாக உறுதி தந்து, அந்தக் கிளப் பெரும் சொத்துவரிச் சலுகை பெற்றுவந்தது. மாநிலச் செனட்டர் ஸ்டூவர்ட் பெய்னமும் அவருடைய சகோதரியும் அதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார்கள். பெண்களை விலக்கும் கிளப்புக்குப் பெண்களும் கட்டும் வரியிலிருந்து சலுகை எதற்கு என்பதே அவர்களின் கேள்வி. 1989இல் மேரிலாந்தின் உச்ச நீதிமன்றத்தில் சலுகை பறிபோனது. பெண்களைச் சேர்ப்பதா, முழு வரியைக் கட்டுவதா என்று கிளப்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அது வரியைக் கட்டியது.