ட்யூஷன் பலித்ததா, வினாத்தாள் எளிதா?

அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 60 வாங்கிய பையன், ட்யூஷன் வைத்தபின் முழு ஆண்டுத் தேர்வில் 75 வாங்குகிறான். விவரம் தெரிந்த தகப்பனார் உடனே பூரித்துப்போக மாட்டார். வகுப்பில் மற்ற பிள்ளைகள் எத்தனை வாங்கினார்கள் என்று விசாரிப்பார்.

ஃபார்முலா ஒன் கார் பந்தயத்திலும் இதே கதைதான். (2011 முதல் 2013 வரை நொய்டாப் பக்கம் நடந்தபோது போய்ப் பார்த்த வாசகர்கள் இருக்கக்கூடும்.) பந்தயத்தில் யார் முன்னால் நிற்பது என்பதைத் தகுதிச் சுற்று தீர்மானிக்கிறது. காருக்குப் புது அடித்தளம், புது இறக்கை பொருத்தியதும் வேகம் கூடியதா என்பதை வெறும் நேரத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. தார் சூடு, காற்று, டயரின் ரகம் எல்லாம் நாளுக்கு நாள் மாறும். கார்கள் ஓட ஓட ரப்பர் படிந்து பாதையே வேகமாகிவிடும். ஆகவே முதலிடக்காரரின் நேரத்திலிருந்து எத்தனை சதவீதம் பின்தங்கினார் என்று பார்ப்பதே முறை.

2023-இல் மெக்லாரன் அணியை எடுத்துக்கொள்வோம். முதல் பந்தயமான பஹ்ரைனில் லாண்டோ நாரிஸ் 11-ஆம் இடம், புதுமுகம் ஆஸ்கார் பியாஸ்ட்ரி 18. ஜூனில் ஸ்பெயினில் நாரிஸ் திடீரென்று 3-ஆம் இடம்! ஆனால் ஆஸ்திரியாவில் வந்த புதுப் பாகங்கள் அப்போது காரில் ஏறியிருக்கவில்லை. அன்று பாதை ஈரம்; ஃபெராரியின் லெக்லெர்க்கே முதல் கட்டத்தில் வெளியேறிவிட்டார். இடத்தை மட்டும் பார்த்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். முதலிடத்துக்கும் நாரிஸுக்கும் இடைவெளி 0.520 வினாடி, அதாவது 0.72 சதவீதம்.

பிறகு ஆஸ்திரியா. புதுப் பாகங்கள் ஒரு காருக்குத்தான் தயாராயின, நாரிஸுக்குக் கொடுத்தார்கள். அவர் 4, பழைய பாகங்களோடு ஓடிய பியாஸ்ட்ரி 13. பரிசோதனைச்சாலையில்கூட இவ்வளவு வசதியாக ஒப்பிட வாய்க்காது. இருந்தாலும் ஒருவர் அனுபவசாலி, மற்றவர் முதல் வருடக்காரர் என்ற சந்தேகம் பாக்கி. அடுத்த வாரமே சில்வர்ஸ்டோனில் பியாஸ்ட்ரிக்கும் பெரும்பகுதிப் பாகங்கள் கிடைத்தன. நாரிஸ் 2, பியாஸ்ட்ரி 3!

இங்கே சதவீதத்தின் அருமையைக் கவனியுங்கள். ஆஸ்திரியாவில் நாரிஸின் இடைவெளி 0.267 வினாடி, சில்வர்ஸ்டோனில் 0.241. ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஆஸ்திரியாவில் ஒரு சுற்று 64 வினாடி, சில்வர்ஸ்டோனில் 86. கணக்குப் போட்டால் 0.41 சதவீதம் 0.28-ஆகக் குறைந்திருக்கிறது.

சில்வர்ஸ்டோன் வேக வளைவுகள் நிறைந்த பாதை, அந்தக் காருக்குத் தோதானது என்று இன்னும் ஒரு ஆட்சேபம் சொல்லலாம். வளைந்து நெளியும் ஹங்கேரியில் இருவரும் 3, 4 என்று வந்து அதற்கும் பதில் சொல்லிவிட்டார்கள். என் தீர்ப்பு: பாகங்கள் பலித்தன.

செப்டம்பரில் சிங்கப்பூரில் இன்னொரு தொகுதி, மறுபடியும் நாரிஸுக்கு முதலில். அவர் 4, பியாஸ்ட்ரி முதல் கட்டத்திலேயே வெளியே. புதுப் பாகத்தின் மகிமை என்று இதைச் சொன்னால் தப்பு. அந்தக் கட்டத்தின் கடைசி நேரத்தில் லான்ஸ் ஸ்ட்ரோல் சுவரில் மோதியதால் ஆட்டம் நின்றுபோயிற்று. மறுவாரம் ஜப்பானின் சுஸுகாவில் அதே பாகங்களோடு பியாஸ்ட்ரி 2-ஆம் இடம் பிடித்தார். நாரிஸ் அவருக்குப் பின்னால், 3.