கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு மீண்டும் மங்கலா? ஸ்கேன் ரிசல்ட்டையே மாத்திடும்... உஷார்!

"ஆபரேஷன் பண்ணி ரெண்டு வருஷம் நல்லா தெரிஞ்சுது. இப்போ மறுபடியும் புகை மூட்டமா இருக்கு. புரை திரும்ப வந்துடுச்சா?" நெட்டப்பாக்கம், பாகூர் பக்கம் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவர்கள் பலருக்கும் வரும் சந்தேகம் இது.

பதில்: இல்லை. எடுத்த புரை திரும்ப வராது. ஆனால் இந்த மங்கலை அப்படியே விட்டால், வேறு நோய்க்காக எடுக்கும் ஸ்கேனே தப்புக் கணக்கு காட்டலாம்.

மங்கல் எப்படி வருகிறது?

ஆபரேஷனில் புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டு, அதைச் சுற்றியிருந்த மெல்லிய பைக்குள் செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். பையில் மிஞ்சிய செல்கள் மெதுவாக வளர்ந்து, லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வில் படர்கின்றன. சில மாதங்களிலோ சில வருடங்களிலோ பார்வை மங்கும்.

ஸ்கேனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஓசிடி ஸ்கேன் கண்ணுக்குள் ஒளியை அனுப்பி, விழித்திரையில் பட்டுத் திரும்புவதை வைத்து நரம்பு அடுக்கின் தடிமனை அளக்கிறது. சவ்வு மங்கியிருந்தால் போகும்போதும் ஒளி சிதறும், வரும்போதும் சிதறும். அடுக்குகளின் ஓரம் தெளிவாகத் தெரியாது. அப்போது மெஷின், நரம்பு அடுக்கு உண்மையில் இருப்பதைவிட மெலிந்துவிட்டதாகக் காட்டலாம்.

கண் அழுத்த நோயிலும் இதே அடுக்குதான் மெலியும். அதனால் நோய் முற்றிவிட்டதோ என்ற வீண் பயம் வரலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு எடுக்கும் விழித்திரை போட்டோவில், சின்னச் சின்ன ரத்தக்கசிவு கண்ணில் படாமலும் போகலாம்.

எப்படி கண்டுபிடிப்பது?

ரிப்போர்ட்டிலேயே சிக்னல் அளவு இருக்கும். பரவலாகப் பயன்படும் ஒரு வகை மெஷினில் 10-க்கு 6-க்குக் கீழே இருந்தால் அந்த அளவை நம்ப வேண்டாம் என்பது கணக்கு.

தீர்வு என்ன?

யாக் லேசர். கத்தி இல்லை, தையல் இல்லை, அட்மிட் ஆகவும் தேவையில்லை. சில நிமிடங்களில் மங்கிய சவ்வின் நடுவில் ஒரு சின்ன திறப்பு போடுவார்கள். எல்லாருக்கும் இது தேவைப்படாது. டாக்டர்தான் முடிவு செய்வார். லேசருக்குப் பிறகு கண்ணில் மின்னல் அடிப்பது போலவோ, கரும்புள்ளிகள் மிதப்பது போலவோ தெரிந்தால் உடனே காட்ட வேண்டும்.

மறக்காதீங்க

தவளக்குப்பம் அரவிந்த், ஜிப்மர் என எங்கே போனாலும் பழைய ஆபரேஷன் சீட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போங்க. லேசர் செய்திருந்தால் அதற்குப் பிறகு புதிதாக ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேளுங்க. மங்கலோடு எடுத்த ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துட்டு, கண் அழுத்த சொட்டு மருந்தை நீங்களா கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.