பெருந்தமனி ஓரத்தில் ஒரு மிளகு
(தொடர் – 14)

வித்துரா பஸ் நிறுத்தத்தில் பொன்முடி வண்டிக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் போணக்காடு தேயிலைத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், மடியில் எக்ஸ்ரே உறையோடு. நான் டாக்டர் என்று தெரிந்ததும் ஃபிலிமை உருவி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஐயா, இது கட்டியா?"

நகத்தால் அவர் தொட்ட இடம் பெருந்தமனி வளைவு. மார்பின் இடப்பக்கம், படத்தில் நம் வலக்கைப் பக்கம், அது உருண்டையாகப் புடைத்துத் தெரியும். அந்த உருண்டையின் வெளி ஓரத்தில் மிளகளவு ஒரு மேடு. முந்தின நாள் இரவு அவர் தூங்கவில்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது.

அந்த இடத்தில் இப்படியொரு மேடு தெரிந்தால் பெரும்பாலும் அது ஒரு சிரைதான். இடது மேல் விலாவிடைச் சிரை. இடப்புறம் இரண்டு, மூன்று, நான்காம் விலா இடைவெளிகளின் ரத்தத்தைச் சேர்த்துக்கொண்டு, முதுகெலும்போரம் ஏறி, பெருந்தமனி வளைவை ஒட்டியே முன்பக்கம் வந்து, கழுத்தடியில் உள்ள பெரிய சிரையில் கலக்கிறது. வழியில் இரண்டு முக்கிய நரம்புகளுக்கு இடையே நுழைந்து போகிறது: உள்ளே வேகஸ், வெளியே உதரவிதான நரம்பு.

எக்ஸ்ரேயில் ரத்தமும் தசையும் ஒரே சாம்பல் நிறம். காற்று நிறைந்த நுரையீரல் ஒட்டிக் கிடக்கும் இடத்தில் மட்டுமே ஓரம் பிரிந்து தெரியும். இந்தச் சிரை வளைவைச் சுற்றித் திரும்பும் இடத்தில் நுரையீரல் தொட்டுக்கொண்டிருப்பதால் நமக்கு அகப்படுகிறது. அதுவும் எல்லாருக்கும் இல்லை, நூற்றுக்கு ஒருவர் முதல் பத்துப் பேர் வரை. கதிரியல்காரர்கள் இதற்கு 'பெருந்தமனிக் காம்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இயல்பான அகலம் ஏறக்குறைய 4.5 மில்லிமீட்டருக்குள். படுத்தால் சற்றுப் பருக்கும், எழுந்து நின்றால் சிறுக்கும். கட்டி அப்படி மாறாது.

ஆனால் எப்போதும் அலட்சியமாக விட்டுவிடவும் கூடாது. பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகளில் எங்காவது மண் சரிந்தால் ஆட்கள் ஊடுவழிகளில் இறங்குகிறார்களே, அப்படித்தான். நுரையீரல் புற்றோ நெறிகட்டியோ, மேலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரையை நெரித்தால், ரத்தம் இந்தச் சின்னச் சிரைக்குள் திரும்பி, முதுகோரச் சிரைகள் வழியாக இதயத்துக்கு வழி தேடுகிறது. அப்போது மிளகு பருக்கிறது. ஆகவே, பருத்த காம்பைக் கண்டால் அடைப்பு எங்கே என்றுதான் தேட வேண்டும். முகம் வீங்குகிறதா, கழுத்து நரம்பு புடைக்கிறதா, குனிந்தால் மூச்சு முட்டுகிறதா என்று பெரியவரிடம் கேட்டேன். ஒன்றும் இல்லையாம்.

சந்தேகம் தீராவிட்டால் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரத்துக்கு இறங்க வேண்டும், ஒரு நாள் கூலி போகும். அதற்கு முன்னால் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது.

"பழைய நெஞ்சுப் படம் ஏதாவது இருக்கா, ஐயா?"

யோசித்தார். பல வருஷம் முன்னால் சளி விடாமல் இருந்தபோது எடுத்தது, லயத்தில் பரண் மேலே கிடக்கும் என்றார். அதிலும் இதே இடத்தில் இதே அளவு மேடு இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். ஃபிலிமை மடங்காமல் உறைக்குள் செருகிவிட்டு, போணக்காடு வண்டி எத்தனை மணிக்கு என்று விசாரிக்க எழுந்து போனார்.