தசை முடிச்சை ஊசி எப்படித் தளர்த்துகிறது?

தாம்பரம் மெப்ஸ் வளாகத்தின் தையல் இயந்திரங்களுக்கும் பழைய மகாபலிபுரம் சாலையின் கணினித் திரைகளுக்கும் முன்னால் மணிக்கணக்கில் குனிந்திருப்போரின் தோள்பட்டைத் தசையை விரலால் உருட்டிப் பார்த்தால், கயிறுபோல் இறுகிய ஒரு பட்டையும், அழுத்தியவுடன் வலி தலைவரை ஏறும் ஒரு புள்ளியும் பலரிடம் தட்டுப்படும். தசை இழைகளின் ஒரு சிறு பகுதி சுருங்கியபடியே நின்று, தனக்கு வரும் இரத்த ஓட்டத்தைத் தானே நெரிப்பதால் இது உண்டாகிறது என்பது பரவலான விளக்கம். 'தூண்டுபுள்ளி' எனப்படும் இதனை, அமெரிக்க அதிபர் கென்னடியின் மருத்துவரான ஜேனட் டிராவெல், டேவிட் சைமன்ஸுடன் இணைந்து 1983-இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார்.

லிக்னோகெய்ன் என்னும் மரப்பு மருந்தை அப்புள்ளியில் செலுத்துகையில், தசை ஒரு கணம் வெட்டித் துடித்துப் பின் தளர்கிறது. மருந்தற்ற வெறும் ஊசியும் பலருக்கு வலியைத் தணித்ததை மருத்துவர் கரெல் லெவிட் 1979-இல் பதிவு செய்ததால், பயனில் பெரும்பங்கு ஊசிமுனைக்கே உரியது என்று கருத இடமுண்டு.

பக்கவாதத்துக்குப் பின் கை மடங்கி இறுகுவது வேறு வகை. அங்கே ஊசிவழி செலுத்தப்படும் பொட்டுலினம் நச்சு, தசையைச் சுருக்க நரம்புமுனை வெளியிடும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளைத் தடுப்பதால், தசை சில நாள்களில் தளர்ந்து ஏறத்தாழ 3 மாதம் அவ்வாறே நிற்கும்; அந்த இடைவெளியில் இயன்முறைப் பயிற்சியைத் தவறவிடுவது பெரும் இழப்பு.

தூண்டுபுள்ளிக்காகத் தோளில் ஊசி போடுகையில், நுரையீரலின் உச்சி சற்று ஆழத்திலேயே இருப்பதால், தேர்ந்த மருத்துவர் தசையை இரு விரல்களால் கிள்ளித் தூக்கிப் பிடித்த பிறகே முனையை உள்ளே செலுத்துகிறார்.